20% கூடுதல் வேகம், 40% குறைந்த உழைப்பு: ஸ்கூபா துடுப்பு விளம்பரங்களை எவ்வளவு நம்பலாம்?

மதுரையில் பைக் வாங்கப் போகிறவர் ஷோரூமில் தவறாமல் கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு தரும்?" விற்பவர் ஓர் எண் சொல்வார். மாட்டுத்தாவணி சிக்னலிலும் கோரிப்பாளையம் நெரிசலிலும் அது கிடைக்காது என்பது கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த எண்ணுக்கு ஓர் அடிப்படை உண்டு. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்களில், வகுத்து வைத்த ஒரே முறைப்படி ஓட்டிப் பார்த்து எடுத்த எண் அது. இந்த வண்டியையும் பக்கத்துக் கடை வண்டியையும் அதை வைத்து ஒப்பிட முடியும்.

ஸ்கூபா டைவிங்கில் காலில் மாட்டும் துடுப்புக்கு அந்த வசதி கிடையாது. "20% கூடுதல் வேகம்", "40% குறைந்த உழைப்பு", "திமிங்கில வாலின் தொழில்நுட்பம்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். எதைவிட 20%? யார் காலில்? எந்த வேகத்தில்? பெட்டியில் பதில் இருக்காது. ஐரோப்பாவில் இத்தகைய துடுப்புகளுக்கென்று 2015இல் ஒரு தரநிலை வந்தது. ஆனால் எந்த மாடல் எதைவிட வேகமானது என்று சொல்லும் பட்டியல் அல்ல அது.

கடலே இல்லாத மதுரைக்கு இந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ., தூத்துக்குடி அதைவிடக் கிட்ட. வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு கடலுக்கடியில் போய் வருகிற பழக்கம் இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வுத் துறையே மன்னார் வளைகுடாக் கரையில் புதுமடத்தில் இயங்குகிறது. இது தவிர மேலூர், உசிலம்பட்டி பக்கத்துக் கிணறுகளில் விழுந்தவர்களைத் தேடி இறங்கும் தீயணைப்பு வீரர்களும் இருக்கிறார்கள். முதல் தடவை வாடகைத் துடுப்பில் நீந்திவிட்டு வருபவர், அடுத்த மாதம் சொந்தமாக ஒரு ஜோடி வாங்க நினைத்து ஆன்லைனில் தேடுகிறார். சில ஆயிரத்தில் ஆரம்பித்து, பத்து மடங்கு விலை வரை வரிசையாக வந்து நிற்கும். அப்போதுதான் குழப்பம்.

குளிக்கல் போய் தகடு வந்தது

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் துடுப்பே கிடையாது. அதற்குத் தேவையும் இல்லை. குளிப்பவர் கல்லில் காலை ஊன்றிக்கொண்டு நேராக அடிக்குப் போவார். சிப்பியைப் பொறுக்கியதும் தோணியில் இருப்பவர் கயிற்றால் இழுத்துக்கொள்வார். கீழே போகக் கல், மேலே வரக் கயிறு. தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல்.

சங்கும் கடல் அட்டையும் தேடுவது வேறு மாதிரியான வேலை. கடலடியில் கிடைமட்டமாக நீந்தி அலைய வேண்டும். அங்கேதான் துடுப்பின் தேவை வருகிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் மூச்சடக்கி மூழ்கியவர்கள் அலுமினியத் தகட்டைக் காலில் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். கடல் அட்டை பிடிப்பதை 2001இல் அரசு தடை செய்தது. தகட்டை அறிமுகம் செய்ய எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் வித்தியாசம் முதல் நாளே தெரிந்திருக்கும்.

கடைகளில் இன்று கிடைக்கும் ரப்பர் துடுப்பின் வரலாறு பிரான்ஸில் தொடங்குகிறது. லூயி த கோர்லியு 1933இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஓவன் சர்ச்சில் அதைத் தொழிலாக்க, இரண்டாம் உலகப் போரில் கடற்படைத் தவளை வீரர்கள் காலில் அது ஏறியது. 1960களில் பிரான்ஸின் ஜார்ஜ் புஷா, பிளேடில் துளைகள் விட்டு 'ஜெட்ஃபின்' என்ற கனமான ரப்பர் துடுப்பைக் கொண்டுவந்தார். துளை வழியாக நீர் பீறிட்டு உந்துதலைக் கூட்டும் என்பது அப்போதைய வாதம். 1990களின் இறுதியில் பிளேடை நடுவில் இரண்டாகப் பிளந்த துடுப்பு வந்தது. இரண்டு பாதிகளும் விமான இறக்கை போலவும் கப்பலின் புரொப்பெல்லர் போலவும் வேலை செய்யும் என்றார்கள். இப்போது மடிப்பு, கீல், கார்பன் ஃபைபர், திமிங்கில வால் என்று தொடர்கிறது. ஜெட்ஃபின் இன்றும் விற்கிறது. ஆனால் அதை விரும்பி வாங்குபவர்கள் காரணம் சொல்லும்போது துளையைச் சொல்வதில்லை. கனம், உறுதி, பல வருடம் உழைக்கும் தன்மை இவற்றைத்தான் சொல்கிறார்கள்.

வேகக் கணக்கில் ஒரு சிக்கல்

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் வேகத்தைக் கூட்டக் கூட, தண்ணீர் காட்டும் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. அந்த எதிர்ப்பைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. எனவே 20% வேகம் கூட வேண்டுமானால் 1.2 x 1.2 x 1.2, அதாவது 1.73 மடங்கு திறன் வேண்டும். 73% கூடுதல்!

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படித்துப் பாருங்கள். "அதே உழைப்பில் 20% கூடுதல் வேகம்" என்றால், அந்தத் துடுப்பு பழைய துடுப்பைவிட 73% அதிகத் திறனை முன்னோக்கிய உந்துதலாக மாற்ற வேண்டும். இது நடக்குமா? பாவோலா ஸாம்பாரோவும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2002இல் வெளியிட்ட முடிவு இங்கே உதவும். துடுப்பு மாட்டிக் காலடித்து நீந்தும்போது, நீரைத் தள்ளச் செலவிடும் திறனில் ஏறத்தாழ 70% பயனுள்ள உந்துதலாகிறது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மீதமிருப்பது 30%தான். துளிகூட வீணாக்காத தெய்வீகத் துடுப்பு ஒன்று வந்தாலும், இந்த வழியில் கிடைக்கக்கூடிய வேக உயர்வு சுமார் 12 முதல் 13% வரைதான். காலை மேலும் கீழும் அசைப்பதற்கே தசை செலவிடும் சக்தியைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கலாம். 20%க்கு அது போதுமா என்பதை விற்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. வெறுங்காலோடு ஒப்பிட்டால், அதே வேகத்துக்குத் துடுப்பு உடலின் சக்திச் செலவைச் சுமார் 40% குறைக்கிறது. எங்கேயோ படித்த எண் போல இருக்கிறதா? பெட்டியில் "40% குறைந்த உழைப்பு" என்று இருந்தால், உடனே கேட்க வேண்டியது இதைத்தான்: வெறுங்காலோடு ஒப்பிட்டா, வேறு துடுப்போடு ஒப்பிட்டா? வெறுங்காலிலிருந்து துடுப்புக்கு மாறுவது பெரிய தாண்டல். ஒரு துடுப்பிலிருந்து இன்னொரு துடுப்புக்கு மாறுவது சின்ன அடி. விளம்பரங்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுகின்றன.

துளை, பிளவு, மடிப்பு: என்ன செய்கின்றன?

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டேவிட் பெண்டர்காஸ்ட் குழு 2003இல் இதையே நேரடியாகச் சோதித்தது. கடையில் கிடைக்கும் பல மாடல்களை டைவர்களின் காலில் மாட்டி, வெவ்வேறு வேகங்களில் நீந்தவிட்டு, அவர்கள் செலவிடும் ஆக்சிஜனை அளந்தார்கள். நிதானமான வேகத்தில் சிக்கனமாக இருந்தவை வளையும் தன்மையுள்ள துடுப்புகள். துளை, பிளவு, வாய்க்கால் போன்ற சிறப்பம்சங்களால் தனியாக லாபம் இருப்பதாகத் தெரியவில்லை. அதாவது, பிளவுத் துடுப்பு ஒன்று சுகமாக இருந்தால் அதற்குக் காரணம் புரொப்பெல்லர் மாயம் என்று சொல்ல முடியாது. பிளேடு மெத்தென்று வளைகிறது, அவ்வளவுதான்.

"மாட்டியதும் லேசா இருக்கு" என்று சொல்கிறார்களே, அது பொய்யா? இல்லை. ஆனால் அதன் பொருள் வேறு. திருப்பரங்குன்றம் சாலையில் மேட்டில் ஏறும்போது சைக்கிள் கியரை மாற்றினால் மிதிப்பது லேசாகிவிடும். அதே வேகத்தில் போக வேண்டுமானால் கூடுதல் தடவை மிதிக்க வேண்டும். மெத்தென்ற துடுப்பும் அப்படித்தான். ஒவ்வொரு அடிக்கும் குறைவான நீரைத் தள்ளுகிறது, எனவே கால் வலிப்பதில்லை. முழங்கால் பிரச்சினை உள்ளவருக்கும், அடிக்கடி கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறவருக்கும் அது நிஜமான நன்மை. வேகம் கூடிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தப்பு நடக்கிறது. எதிர் நீரோட்டத்தில் பத்து நிமிடம் பலமாக அடிக்க வேண்டிய நேரத்தில், தொளதொளத்த பிளேடு காலுக்குக் கீழே மடங்கி நிற்கும்.

கடைக்காரர்கள் விரும்பிக் காட்டும் செயல்விளக்கம் ஒன்று இருக்கிறது. டைவரைக் கயிற்றில் கட்டி, மறுமுனையை ஸ்பிரிங் தராசில் மாட்டி, பலமாக அடிக்கச் சொல்வார்கள். முள் எங்கே போகிறது என்று பார்ப்பார்கள். இது நின்ற இடத்தில் இழுக்கும் சக்தி. துறைமுகத்தில் இழுவைப் படகை இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள், ஏனென்றால் அதன் வேலையே அதுதான். டைவர் ஒரு கப்பலை இழுக்கப் போவதில்லை. நகர்ந்துகொண்டிருக்கும்போது பிளேடைச் சுற்றி நீர் ஓடும் விதமே மாறிவிடும். தராசில் ஜெயித்த துடுப்பு நீந்தும்போதும் ஜெயிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இயற்கையைக் காப்பியடித்த வடிவம் என்ற வாதத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். டால்பினின் வால் அற்புதமான உறுப்புதான். ஆனால் அதை ஆட்டுவது முதுகு நெடுக ஓடும் தசை. மனிதனிடம் இருப்பதோ இடுப்பில் ஒரு மூட்டு, முழங்காலில் ஒரு மூட்டு, நடப்பதற்காக அமைந்த ஒரு கணுக்கால். வாலை மட்டும் கடன் வாங்கினால் டால்பின் ஆகிவிட முடியாது.

காற்று எவ்வளவு மிச்சமாகும்?

வேகத்தைவிட இதுதான் டைவருக்கு முக்கியம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பினால் சுமார் 2,400 லிட்டர். 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் செலவழிக்கக் கிடைப்பது 1,800 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறவர், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாவதால் 40 லிட்டர் எடுத்துக்கொள்வார். 45 நிமிடம் தாக்குப்பிடிக்கும். அவரே நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி, சுவாசம் இரட்டிப்பானால் 22 நிமிடத்தில் முடிந்துவிடும்.

எனவே உழைப்பைக் குறைக்கும் எதுவும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் அந்த உழைப்பு எங்கே போகிறது என்று பார்த்தால், துடுப்பைவிட உடலின் கோணமே பெரிய செலவாளி. இடுப்பில் தேவைக்கு மேல் ஈயக்கட்டி, கால் தாழ்ந்து, நெஞ்சு நிமிர்ந்து, தண்ணீரைச் சுவர் போல இடித்துக்கொண்டு போகிற புது டைவர்கள் ஏராளம். அவர்களுக்கு எந்தப் பிராண்டும் கைகொடுக்காது. ஈயத்தைக் குறைத்து, உடலைப் படுக்கை வாட்டத்துக்குக் கொண்டுவர ஒரு நல்ல பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேரம் செலவழிப்பது, விலை உயர்ந்த துடுப்பைவிட மலிவு. தொங்கும் குழாய், ஆடும் பை, சரியாக இழுத்துக் கட்டாத ஜாக்கெட் எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

எங்கே நீந்தப் போகிறார்?

மன்னார் வளைகுடாவில் தீவுகளை ஒட்டிய பவளப்பாறைகள் பெரும்பாலும் ஒரு சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. 117 வகைப் பவளங்கள் பதிவான கடல் அது. தேசியப் பூங்கா எல்லைக்குள் நினைத்தபடி இறங்க முடியாது, அது தனி விஷயம். வெளியே அனுமதியுள்ள இடங்களிலும் ஆழம் குறைவு, அடியில் மணலும் சேறும். அங்கே ஒரு மீட்டர் நீளக் கார்பன் துடுப்பை மாட்டிக்கொண்டு மேலும் கீழுமாக அடித்தால் மண் கலங்கிப் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. பவளமும் உடையும். நீளத் துடுப்பு ஒரே மூச்சில் ஆழம் போய் வருகிறவர்களுக்கானது. நிறைய நீரை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம் என்பதால் அவர்களுக்கு அது பொருந்துகிறது.

பவளத்தின் மேலே நீந்த ஏற்றது தவளை அடி. முழங்காலை மடக்கி, பாதங்களைப் பக்கவாட்டில் விரித்துப் பின்னால் தள்ளுவது. இதற்குக் குட்டையான, விறைப்பான பிளேடு வேண்டும். பிளவுத் துடுப்பு இதில் சொதப்பும். பின்னோக்கி நீந்துவதென்றால் இன்னும் மோசம். மேலும் கீழுமான அடியில் எடுத்த ஆக்சிஜன் கணக்கு, தவளை அடி அடிப்பவருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் யோசிக்க வேண்டும். கிணற்றில் இறங்கும் தீயணைப்பு வீரருக்கோ நீந்திப் போக இடமே இல்லை. கண் தெரியாத கலங்கல், சுற்றிலும் கல் சுவர். அங்கே நீளத் துடுப்பு வெறும் இடைஞ்சல்.

வெப்பமும் கணக்கில் வரும். தெர்மோபிளாஸ்டிக் பிளேடு சூட்டில் தளரும். குளிர்ந்த ஐரோப்பிய ஏரியில் அளவான விறைப்போடு இருந்த பிளேடு, 29 டிகிரி ராமேஸ்வரம் கடலில் அதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது. மே மாதம் காரின் பின்பக்கத்தில் நுனியை ஊன்றி நிறுத்தி வைத்தால் பிளேடு நிரந்தரமாகக் கோணிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. படுக்க வைத்து எடுத்துப் போவது நல்லது.

நீச்சல் குளத்தில் ஒரு சோதனை

வாங்குவதற்கு முன் இரண்டு மாடல்களை இரவல் வாங்க முடிந்தால், 25 மீட்டர் குளம் ஒன்று போதும். ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கக் குளம் போன்ற பொது இடங்களில் துடுப்பு மாட்ட முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

எது வேகம் என்று பந்தயம் விடுவது பெரும்பாலோர் செய்வது. அது கால் பலத்தைத்தான் அளக்கும். மாறாக, வேகத்தைக் கட்டிப்போட வேண்டும். ஒரு நீளத்துக்கு 50 விநாடி என்று வைத்துக்கொண்டு, மேலே நிற்கும் நண்பர் கடிகாரம் பார்த்துச் சைகை காட்ட, நான்கு நீளம் போக வேண்டும். முடிந்த உடனே 15 விநாடி நாடித் துடிப்பை எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். எத்தனை அடி அடித்தார் என்பதையும் நண்பர் எண்ணலாம். துடிப்பு பழைய நிலைக்கு வந்த பிறகே அடுத்த ஜோடி. எதை முதலில் மாட்டுவது என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யலாம், ஏனென்றால் இரண்டாவதாக வருவது எப்போதும் களைத்த காலில்தான் வரும். பிராண்ட் பெயரைக் கறுப்பு டேப்பால் மறைத்துவிட்டால் இன்னும் நல்லது. விலை தெரிந்த கால் நியாயமாகப் பேசாது.

ஒரே துடுப்பை இரண்டு தடவை சோதிப்பதை மறக்கக் கூடாது. ஒரே ஜோடியில் இரண்டு முறை எடுத்த நாடித் துடிப்பிலேயே ஆறு வித்தியாசம் வந்தால், இரண்டு மாடல்களுக்கு இடையே தெரியும் நான்கு வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. பெட்டியில் அச்சிடும் எண்களில் இந்தத் தகவல் ஒருபோதும் இருப்பதில்லை. பிளவுத் துடுப்பு கையில் இருந்தால், பிளவை டேப் போட்டு மூடிவிட்டு இன்னொரு தடவை நீந்திப் பார்க்கலாம். அதே எடை, அதே ரப்பர், அதே பாதப் பை. மாறியது பிளவு மட்டும். புரொப்பெல்லர் மாயம் உண்மையானால் அங்கே தெரிந்தாக வேண்டும்.

பாதப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிகாலில் உரசி, அரைமணி நேரத்தில் கொப்புளம் போடுகிற துடுப்பு எந்தச் சோதனையில் ஜெயித்தாலும் வீண். பாறைக் கரையில் நடந்து இறங்குபவருக்குக் காலுறையோடு மாட்டும் திறந்த குதிகால் வகை வேண்டும். படகிலிருந்து இறங்குபவருக்கு நம் வெதுவெதுப்பான கடலில் முழுப் பாத வகையே போதும்.

இந்தச் சோதனைகளில் இதுவரை யாரும் சேர்க்காத ஒரு கூட்டம் ராமநாதபுரம் கரையில் இருக்கிறது. மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள். கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, ரப்பர் செருப்பு இவைதான் அவர்கள் சாதனங்கள். பாறையில் நடக்கவும் வேண்டும், நீந்தவும் வேண்டும், பையையும் இழுக்க வேண்டும். கடையில் இருக்கும் எந்தத் துடுப்பும் இந்த மூன்றுக்கும் சேர்த்துச் செய்தது அல்ல. வெறுங்காலுக்கும் துடுப்புக்கும் இடையே உள்ள அந்த 40% யாருக்காவது கூலியாக மாறும் என்றால், அது இவர்களுக்குத்தான். புதிய வடிவங்களுக்கான காப்புரிமைகளோ விடுமுறைக்கு வருகிறவரின் காலை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன.